முதுகெலும்பில் கிருமித் தொற்று: விரைவு மூலக்கூறு பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். ஊசி போட்டு எலும்பிலிருந்து துண்டு எடுப்பது வேறொருவர் வேலை. அந்தத் துண்டு ஒரு சின்ன பாட்டிலில் எங்கள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் என் பங்கு தொடங்கும். பாட்டிலைக் கொண்டுவருகிற மகனோ மருமகளோ ஜன்னலில் நின்றபடியே கேட்கிற கேள்விகள் இவை. கிருமியைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும் என்னால் சொல்ல முடியும். உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெறும் முதுகுவலிதானே, இதில் கிருமி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான முதுகுவலிக்குக் கிருமி காரணமில்லை. தசைப்பிடிப்பு, டிஸ்க் விலகல், வயதால் வரும் தேய்மானம் இவைதான். அதனால்தான் கிருமியால் வரும் வலி மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது. தைலம், வலி மாத்திரை, பெல்ட், எண்ணெய்க் கட்டு என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எம்ஆர்ஐ வரைக்கும் வருகிறார்கள்.

கிருமி அநேகமாக ரத்தத்தின் வழியாகத்தான் எலும்புக்குள் இறங்குகிறது. காசநோய்க் கிருமி எப்போதோ நுரையீரலில் நுழைந்து, சத்தமில்லாமல் கிடந்து, பிறகு முதுகெலும்பில் தலைகாட்டும். சீழ் பிடிக்க வைக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கு அநேகமாக உடம்பில் ஒரு வாசல் இருக்கும்: காலில் ஆறாத சர்க்கரைப் புண், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, டயாலிசிஸ் குழாய், முன்பு முதுகில் செய்த ஆபரேஷன்.

படுத்தாலும் குறையாத வலி, ராத்திரியில் எழுப்பிவிடும் வலி, ஒரே இடத்தில் தட்டினால் சுரீரென்று வலிப்பது, சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் காய்ச்சல் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதுகெலும்பு டிபி வந்தவர்களில் பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் டிபி மாதிரி தெரிகிறது என்று எழுதிவிட்டார்களே, இன்னும் எதற்கு ஊசி?

எம்ஆர்ஐ இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. எந்த முள்ளெலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது, சீழ் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் அதைப்போல வேறெதுவும் காட்டாது. கிருமியின் பெயர் அதில் தெரியாது.

டாக்டர்கள் ஊகிப்பதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளிடம் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருப்பதால் அவை எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கைச் சீக்கிரமே தின்றுவிடும். டிபி கிருமியிடம் அந்த நொதிகள் இல்லை. அதனால் எலும்பு அரிக்கப்பட்டிருந்தாலும் டிஸ்க் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். எலும்பை ஒட்டி மெல்லிய சுவருடன் பெரிய சீழ்க்கட்டி, விட்டுவிட்டு இரண்டு மூன்று இடங்களில் பாதிப்பு என்றால் டிபி பக்கம் எடை சாயும். சாயும், அவ்வளவுதான். ஆடு மாட்டிலிருந்து வரும் புரூசெல்லா என்ற கிருமியும் அதே மாதிரி படம் காட்டும். சில நேரம் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும், வேறெங்கிருந்தோ பரவிய புற்றுநோயும் அப்படியே காட்டும்.

முதுகெலும்பு டிபிக்கு மருந்து குறைந்தது ஒரு வருடம். படத்தை மட்டும் நம்பி ஒரு வருட மருந்தைத் தொடங்கி, நான்கு மாதம் கழித்து வலி குறையவில்லையே என்று திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது துண்டு எடுத்தால் உள்ளே போன மருந்தே கிருமியை மறைத்துவிடும். முதல் நாளே எடுத்திருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

மூலக்கூறு பரிசோதனை என்றால் என்ன? கல்ச்சருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, நாற்றங்கால் மாதிரி. விதைத்துவிட்டு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஈ.கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதனால் மறுநாள் காலையில் தட்டில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டிபி கிருமி ஒருமுறை பிரிய 18 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கிருமியை வளர்க்கும் உணவை ஊடகம் என்போம்; திட ஊடகத்தில் 6 முதல் 8 வாரம் ஆகும். திரவ ஊடகத்தில் சீக்கிரம் வளர்ந்தாலும், ‘வளரவில்லை’ என்று கையெழுத்துப் போட 42 நாள் காத்திருந்தாக வேண்டும்.

மூலக்கூறு பரிசோதனை முளைப்பதற்குக் காத்திருக்காது. விதையின் மேலேயே அடையாளத்தைத் தேடும். கிருமியின் டிஎன்ஏவில் அதற்கு மட்டுமே உரிய ஒரு துண்டை எடுத்து, அதை இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போனால், தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தது கோடிக்கணக்கில் ஆகிவிடும். பிசிஆர் என்று கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பேசினோமே, அதே வித்தைதான்.

மைக்ராஸ்கோப்பில் டிபி கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பிசிஆர் மெஷினில், மாதிரியைப் போடும் குப்பியான கார்ட்ரிட்ஜின் முதல் வகைக்குச் சுமார் 130 போதும். பிறகு வந்த அல்ட்ரா வகைக்குச் சுமார் 16 போதும். முதுகெலும்பில் இந்த வித்தியாசம் பெரிது, ஏனென்றால் நுரையீரல் குழியில் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமி எலும்பில் மிகக் குறைவாகவே இருக்கும்.

சிபிநாட், ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் எல்லாம் ஒன்றா?

சிபிநாட்டும் ஜீன்எக்ஸ்பர்ட்டும் ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் சிபிநாட் என்பார்கள், மெஷின் மேல் ஜீன்எக்ஸ்பர்ட் என்று எழுதியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. சளி அல்லாத மற்ற மாதிரிகளுக்கான பரிந்துரை 2013இல் வந்தது.

ட்ரூநாட் நம் நாட்டுத் தயாரிப்பு, கோவாவில் உள்ள மோல்பயோ நிறுவனத்துடையது. பேட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது. அதனால் சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 2020இல் கிடைத்தது. சளிக்கு அருமையான மெஷின். எலும்புத் துண்டைப் பொறுத்தவரை அனுபவம் சிபிநாட்டுக்குத்தான் அதிகம். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் சிபிநாட்டுக்குத்தான் அனுப்பச் சொல்வேன்.

துண்டை எப்படி எடுப்பார்கள்? ரொம்ப வலிக்குமா?

பெரும்பாலும் சிடி ஸ்கேன் அறையிலேயே எடுத்துவிடுவார்கள். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு தடித்த ஊசியை முள்ளெலும்புக்குள் செலுத்துவார்கள். முள்ளெலும்பின் பின்புறம் காம்பு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது; தண்டுவடத்தைத் தொடாமல் உள்ளே போக அதுதான் பாதை. தோலில் ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், எலும்புக்குள் போகும்போது வலியைவிட அழுத்தம் அதிகமாகத் தெரியும் என்பார்கள். வெளியே வருவது பென்சில் முனை தடிமனில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டு. அத்தோடு சீழ் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் முதுகில் குத்துவதற்கு முன்னால் வேறு சுலபமான இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் நிழல் இருந்தால் சளியிலேயே பதில் கிடைத்துவிடலாம். கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் அதில் ஊசி போடலாம். இடுப்புப் பக்கத் தசையில் சீழ் இறங்கியிருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்தே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

எந்த பாட்டிலில் போட வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாட்டில் தப்பானால் எல்லாம் போச்சு.

துண்டு எடுத்தால் குறைந்தது இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்றில் ஃபார்மலின். அது திசுவை அழுகாமல் காக்கும், பேத்தாலஜிக்காரர் அதை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். இன்னொன்றில் கிருமியில்லாத நார்மல் சலைன், அதுவும் துண்டு காய்ந்து போகாத அளவுக்குக் கொஞ்சம். அதுதான் எங்களுக்கு. ஃபார்மலினில் விழுந்த துண்டில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்காது, ஆகவே கல்ச்சர் இல்லை. டிஎன்ஏவும் புரதத்தோடு பின்னிக்கொண்டு துண்டு துண்டாக உடைந்துவிடும், ஆகவே சிபிநாட்டையும் நம்ப முடியாது.

ஜன்னலில் பாட்டிலை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதன் மேலுள்ள லேபிளை. திறக்காமலேயே சில நேரம் தெரிந்துவிடும். மூடி வழியாகவே அந்த மூக்கை எரிக்கும் வாசனை வரும். ஒருமுறை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு அம்மாவின் மாதிரியை அவர் மகன் பஸ்ஸில் நான்கு மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி, பைக்குள் ஐஸ் பாக்கெட் வேறு. எல்லா ஏற்பாடும் கச்சிதம். மூடியை லேசாகத் திருகியதும் ஃபார்மலின். முழுத் துண்டும் அதில்தான். “வேற ஒண்ணும் தரலையா தம்பி?” என்று கேட்டேன். “இது மட்டும்தான் சார் குடுத்தாங்க” என்றார். அந்த அம்மா மறுபடியும் குப்புறப் படுக்க வேண்டியதாயிற்று. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆபரேஷன் அறையில் பயாப்ஸி என்றாலே கை தானாக ஃபார்மலின் பாட்டிலுக்குத்தான் போகும், பழக்கம்.

ஆகவே ஊசி போடும் நாளன்று காலையிலேயே நர்ஸ் அக்காவிடமோ டாக்டரிடமோ கேட்டுவிடுங்கள்: “கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் சலைனில் தனியாக வைப்பீங்களா?” அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

சீழ் என்றால் சிரிஞ்சிலோ மூடிய பாட்டிலிலோ அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்தால் பாதிக் கிருமி பஞ்சிலேயே தங்கிவிடும். அன்றைக்கே ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு என்றார்கள். எனக்கு இரண்டு நாள் ஆனதே?

இரண்டு மணி நேரம் என்பது மெஷினின் கணக்கு. அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் என்றால் இன்னும் குறைவு, சுமார் 80 நிமிடம். எலும்புத் துண்டை மெஷினில் அப்படியே போட முடியாது. பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வைத்து, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, குழவிக்கல் மாதிரி ஒரு சின்ன உரலில் உப்புக் கரைசல் விட்டு அரைக்க வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து, இரு மடங்கு ரசாயனக் கரைசல் சேர்த்து, குலுக்கி, பத்து நிமிடம் வைத்து, மறுபடி குலுக்கி, இன்னும் ஐந்து நிமிடம். பிறகுதான் 2 மில்லி கார்ட்ரிட்ஜுக்குள் போகும். உள்ளே அது வடிகட்டப்பட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வில் கிருமி உடைந்து, டிஎன்ஏ வெளியே வந்து பெருகுவதெல்லாம் மனிதக் கை படாமல் நடக்கும்.

மீதி நேரம் எங்கே போகிறது? பாட்டில் வார்டிலேயே மேசைமேல் கிடப்பதில், படிவத்தில் வயதும் வார்டு எண்ணும் இல்லாமல் திரும்பிப் போவதில், ஞாயிற்றுக்கிழமையில். மெஷினில் இடத்துக்காக வரிசையில் காத்திருப்பதும் உண்டு. இருந்தாலும் ஆறு வாரத்தோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் முதுகெலும்பு டிபி சந்தேகத்தில் வந்த 69 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. அங்கேயும் ஜீன்எக்ஸ்பர்ட் முடிவு கைக்கு வர இரண்டு நாள் ஆனது. கல்ச்சருக்கு ஒரு மாதத்துக்கும் மேல். நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 95 பேரை அந்த விரைவுப் பரிசோதனை பிடித்தது. எல்லா ஊரிலும் இதே எண் வருவதில்லை. துண்டு சிறிதாக இருந்தால், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டிருந்தால் எண் இறங்கும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

முதல் வரியில் ‘எம்டிபி டிடெக்டட்’ என்றிருந்தால் டிபி கிருமியின் டிஎன்ஏ கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஹை, மீடியம், லோ, வெரி லோ என்று இருப்பது கிருமியின் அளவு. எலும்பில் லோவும் வெரி லோவும்தான் சகஜம், அதனால் நோய் லேசானது என்று அர்த்தமில்லை.

இரண்டாவது வரி ரிஃபாம்பிசினைப் பற்றியது. டிபி மருந்துகளில் அதுதான் தலைமை. கிருமியின் ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி உண்டு. அதில் மாற்றம் இருந்தால் மருந்து வேலை செய்யாது என்று பொருள். ‘ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்’ என்றால் நல்ல செய்தி. ‘டிடெக்டட்’ என்றால் வழக்கமான மருந்தை அப்படியே தொடங்கக் கூடாது. மருந்து எதிர்ப்பு டிபிக்கான மையத்துக்கு அனுப்புவார்கள். ‘இன்டிடர்மினேட்’ என்றால் கிருமி இருக்கிறது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு டிஎன்ஏ இல்லை.

‘எரர்’ அல்லது ‘இன்வேலிட்’ என்று வந்தால் அது நெகட்டிவ் இல்லை, பரிசோதனை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டில் ரத்தம் அதிகமிருந்தால் அதுவே பிசிஆரைத் தடுக்கும். மீதி இருந்தால் திரும்பவும் போடுவோம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சிபிநாட் ஐசோநியாசிட் என்ற இன்னொரு டிபி மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு எல்பிஏ என்ற பட்டைப் பரிசோதனையோ வேறு கார்ட்ரிட்ஜோ கல்ச்சரோ வேண்டும்.

‘ட்ரேஸ்’ என்று வந்திருக்கிறது. அது பாசிட்டிவா நெகட்டிவா?

அல்ட்ரா கார்ட்ரிட்ஜில் மட்டும் வரும் வார்த்தை. டிபி கிருமியில் பல பிரதிகளாக இருக்கும் ஒரு டிஎன்ஏ துண்டு கிடைத்தது, ஆனால் ரிஃபாம்பிசின் மரபணு கிடைக்கவில்லை என்று அர்த்தம். முன்பு டிபி வந்து குணமானவரின் சளியில் ட்ரேஸ் வந்தால் யோசிப்பார்கள், பழைய செத்த கிருமியாக இருக்கலாம். எலும்பிலிருந்து எடுத்த துண்டில் ட்ரேஸ் வந்தால் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்வார்கள். மருந்து எதிர்ப்பை அறியக் கல்ச்சருக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

நெகட்டிவ் என்றால் டிபி இல்லைதானே?

இல்லை. ஊசி முனை போன இடத்தில் கிருமி சிக்கவில்லை என்பது மட்டும்தான் உறுதி. அரை விரல் தள்ளி இருந்திருக்கலாம்.

அதனால்தான் அந்த ஃபார்மலின் பாட்டிலும் முக்கியம். பேத்தாலஜியில் கிரானுலோமா என்ற முடிச்சும், நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி சிதைந்த பகுதியும் தெரிந்தால் சிபிநாட் நெகட்டிவாக இருந்தாலும் டாக்டர் டிபி மருந்தைத் தொடங்கலாம். எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே அதைச் சீவ முடியும் என்பதால் அந்த ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். இரண்டிலும் ஒன்றும் இல்லை, நோய் மட்டும் முற்றுகிறது என்றால் மறுபடி துண்டு எடுப்பார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் குருட்டாம்போக்கில் மருந்து கொடுப்பதைவிட அது மேல்.

ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்க முடியாதா? மான்டூ?

ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் உடம்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. தோலில் போடும் மான்டூ ஊசியும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் எப்போதாவது டிபி கிருமி உடம்புக்குள் வந்ததா என்பதைக் காட்டும். நம் ஊரில் அது ஏராளமானவர்களுக்கு வரும். டிபிக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பழைய கிட்டுகளை இந்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது. இன்னமும் யாராவது எழுதிக்கொடுத்தால் காசை மிச்சப்படுத்துங்கள்.

டிபி அல்லாத கிருமிகளுக்குக் கதை வேறு. அங்கே ரத்தக் கல்ச்சர் மிகவும் உதவும்.

டிபி இல்லாத மற்ற கிருமிகளுக்கும் இப்படி விரைவுப் பரிசோதனை உண்டா?

உண்டு, ஆனால் அவ்வளவு எளிதில்லை. டிபியில் நாம் ஒரே ஒரு கிருமியைத் தேடுகிறோம். மற்றதில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முதலிடத்தில் இருக்கும், ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சால்மோனெல்லா என்று பின்னால் ஒரு வரிசையே நிற்கும்.

முதல் வழி ரத்தம். இரு கைகளிலிருந்தும் தனித்தனியாக எடுத்த ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் போடுவோம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிலேயே கிருமி வளர்ந்துவிடும், முதுகைத் தொடவே வேண்டாம். பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டது என்று மெஷின் மணியடித்ததும் அதிலிருந்து ஒரு துளியைப் பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் பேனல் பரிசோதனையில் போட்டால், ஒரு மணி நேரம் சொச்சத்தில் பெயரும், மெக்-ஏ போன்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் மெக்-ஏ இருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ, வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை, அதற்கு வேறு மருந்து. விலை அதிகம், பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும்.

இரண்டாவது வழி 16எஸ். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு மரபணு இது. ஓரங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும், நடுவில் உள்ள சில பகுதிகள் கிருமிக்குக் கிருமி மாறும். கதவு ஒன்றுதான், வீட்டுப் பெயர்ப் பலகை வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டிலிருந்து அந்த மரபணுவைப் பெருக்கி எழுத்துக்களைப் படித்தால் யார் என்று தெரியும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் கல்ச்சரில் ஒன்றும் வளராதவர்களுக்கு இது கைகொடுக்கும். குறையும் உண்டு: தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமியையும் இது விசுவாசமாகப் படித்துச் சொல்லும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சொல்லாது. முடிவு வரச் சில நாளும் ஆகும்.

நம் பக்கத்தில் இரண்டு கிருமிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று புரூசெல்லா. ஆடு மாடு வளர்ப்பவர்கள், கன்று போடும்போது கை வைப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கு வரும். இதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதே பெரிய துப்பு. மற்றொன்று மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருவது. வயலிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, மழைக்காலத்தில், சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். ஆய்வகத்தில் இதைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு. இரண்டுமே டிபி வேஷம் போடக்கூடியவை. ஆகவே “மாடு இருக்கா? வயலில் இறங்குவீங்களா?” என்று டாக்டர் கேட்டால் ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். படிவத்தில் அதை ஒரு வரி எழுதி அனுப்பினால் எங்களுக்கும் நல்லது. புரூசெல்லா ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களையே தொற்றும்.

ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டேன். இனி பரிசோதனை செய்து பயனில்லையா?

பயன் உண்டு, மறைக்காமல் சொன்னால். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். லெவோஃப்ளாக்சசின், லினசோலிட், அமிக்காசின் ஆகியவை வேறு எதற்கோ கொடுக்கப்பட்டாலும் டிபி கிருமியையும் அடிக்கும். அரைகுறையாக அடித்து அடையாளத்தை மறைத்துவிடும். நோயாளி நல்ல நிலையில் இருந்தால் டாக்டர் மருந்தை ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊசி போடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்ச்சருக்கு உயிருள்ள கிருமி வேண்டும், மூலக்கூறு பரிசோதனைக்குச் செத்த கிருமியும் போதும். இந்த நிலைமையில் அதன் கை ஓங்கியிருக்கும்.

அப்படியானால் நோய் குணமாகிவிட்டதா என்றும் இதிலேயே பார்க்கலாமா?

கூடாது. செத்த கிருமியின் டிஎன்ஏ மாதக்கணக்கில் கிடக்கும், பாசிட்டிவ் என்று வந்து பயமுறுத்தும். குணம் தெரிவது வலி குறைவதில், எடை ஏறுவதில், ஈஎஸ்ஆர் இறங்குவதில், ஸ்கேனில்.

டிபி என்று உறுதியானால் ஆபரேஷன் கட்டாயமா?

பெரும்பாலும் இல்லை. இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1956இல் தொடங்கி இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் சேத்துப்பட்டு மையம், முதுகெலும்பு டிபி நோயாளிகளை ஆபரேஷன் செய்து மருந்து கொடுத்தவர்கள், மருந்து மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடியவர்கள் என்று பிரித்துப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தது. 1999இல் அந்தப் பத்தாண்டு முடிவு வந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். அதற்கெல்லாம் முந்தைய காலத்தில் இந்த நோயாளிகளை மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் படுக்கையில் அசையாமல் கிடத்தி வைத்தார்கள்.

கால் பலமிழந்தால், முதுகு கூன்போட ஆரம்பித்தால், சீழ் தண்டுவடத்தை அழுத்தினால், மருந்துக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன் தேவைப்படும். அப்போதும் வெளியே எடுப்பதைச் சலைனில் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு? வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுமா?

அரசு காசநோய்த் திட்டத்தில் சிபிநாட்டும் மருந்தும் இலவசம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018இல் 500 ஆகத் தொடங்கியது, 2024 நவம்பரில் 1000 ஆனது. 16எஸ்ஸும் பேனல் பரிசோதனையும் இந்தத் திட்டத்தில் வராது.

முதுகில் மட்டும் டிபி இருப்பவரிடமிருந்து பரவாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம், பேரக்குழந்தையைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். நுரையீரலிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அதற்கு ஒரு மார்பு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும்.

அப்பாவுக்கு நேற்றிலிருந்து கால் மரத்துப்போகிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. ரிப்போர்ட் நாளை வரும் என்றார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்பதன் அடையாளம் இது. முதுகெலும்பு ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு, படுத்த நிலையிலேயே, ஆம்புலன்ஸில் போங்கள். கையில் எம்ஆர்ஐ ஃபிலிம், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், எங்கள் ஜன்னலில் கொடுத்த ரசீது. ரசீதில் உள்ள எண்ணை அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டினால் அவர் எங்களுக்கு போன் செய்து கேட்டுக்கொள்வார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.